ஈரத்துணியில் ஏறிய வங்கக்கடல்

முப்பத்திரண்டு வயதில் எனக்குப் பணி நிறைவு விழா நடந்தது. சமோசா உண்டு, பாராட்டுரை உண்டு, குரூப் போட்டோ உண்டு. பென்ஷன் மட்டும் கிடையாது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய கிடங்கின் மூன்றாவது மாடியில் எங்கள் ஆய்வகம் இருக்கிறது. கடலின் வெப்பத்தை அளக்கும் கருவிகள் சரியாகத்தான் அளக்கின்றனவா என்று பார்ப்பது அதன் வேலை. அங்கே நான் திட்டப் பணியாளர். திட்டம் முடிந்தது, நானும் முடிந்தேன். ஆய்வகம் முடியவில்லை. அது முடிந்துபோகாமல் தப்பித்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

விழாவுக்கு முந்தைய வாரம், புதிதாகச் சேர்ந்த நிவேதா சுவரைக் காட்டிக் கேட்டாள்.

"அக்கா, அது என்ன, 'துணி மாடிக்குப் போகக் கூடாது'ன்னு போர்டு? துணிக்கு என்ன காலா இருக்கு?"

சிரித்து முடிக்கவே எனக்கு நேரம் பிடித்தது. "அந்தத் துணியாலதான் நீ இன்னிக்கு இங்க சம்பளம் வாங்கற" என்றேன்.

"அப்ப எழுதிக் குடுத்துட்டுப் போங்க. ரிட்டையர் ஆகறவங்க எல்லாம் அனுபவம் எழுதுவாங்க இல்ல?"

எழுதுகிறேன், பாட்டியம்மாவாக என்னை நினைத்துக்கொள்ளாமல் படிக்க வேண்டும். அதுதான் நிபந்தனை.

என் பயிற்சிக் காலத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: தொடாதே, கருவிமேல் மூச்சு விடாதே, அவசரப்படாதே. மூன்றும் எனக்கு வராது. நான் திருவொற்றியூரில் பிறந்தவள். பஸ் நிற்பதற்கு முன்னால் இறங்குகிற ஜாதி. இயற்பியல் படித்துவிட்டு, கடல் என்றதும் கப்பல், டால்பின், புயல் என்று கனவு கண்டு சேர்ந்தேன். கிடைத்தது ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒரு தெர்மாமீட்டரும். தொட்டியின் முன்னால் உட்கார்ந்து, கடைசி இலக்கம் ஆடாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அந்தக் கடைசி இலக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆழ்கடல் மெதுவாகச் சூடாகிறது. எவ்வளவு மெதுவாக என்றால், ஒரு டிகிரியை ஆயிரம் துண்டாக வெட்டினால் அதில் சில துண்டு சூடு ஏறவே வருடங்கள் ஆகும். கருவி நான்கைந்து துண்டு தப்பாகக் காட்டினால் போச்சு. சூடானது கடலா கருவியா என்று யாராலும் சொல்ல முடியாது. இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்குத் தலை சுற்றியது. வங்காள விரிகுடா மொத்தமும் என் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. டால்பின் எல்லாம் மறந்தே போயிற்று.

ஆய்வகத்தின் தலைவி ஸ்டெல்லா மேடம். ராயபுரத்துக்காரர், சர்ச்சுக்குப் பின்தெருவில் வீடு, அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உயரம் குறைவு, குரல் அதைவிடக் குறைவு. நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க வயசு?"

"இருபத்தி நாலு, மேடம்."

"பிளஸ் ஆர் மைனஸ்?"

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எந்த எண்ணைச் சொன்னாலும் அதில் உனக்குத் தெரியாதது எவ்வளவு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. டீக்கடைக்காரர் "ரெண்டு நிமிசத்துல வந்துரும் மேடம்" என்றால், "பிளஸ் ஆர் மைனஸ்?" என்பார். அந்த மனிதரும் பழகிப்போய், "பிளஸ் பத்து நிமிசம் மேடம், மைனஸ் கெடையாது" என்பார். ஒரு வேலை மிகச் சரியாக வந்துவிட்டால் மேடம் சொல்லும் உச்சகட்டப் பாராட்டு, "இப்போதைக்கு சரி." நான் பலமுறை மன்றாடியிருக்கிறேன், ஒரே ஒரு முறை 'சரி' என்று மட்டும் சொல்லுங்கள் என்று. சொன்னதில்லை.

மூன்றாவது ஆள் மாரி அண்ணன். விசைப்படகில் இருந்தவர், முதுகுவலி வந்து கரையேறி எங்களிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். தன் வேலையைப் பற்றி அவருக்கு இருந்த பெருமைக்கு அளவுகோலே கிடையாது. அவர் துவைத்த துணி மாதிரி வெளுத்த துணி வண்ணாரப்பேட்டையில்கூட இல்லை என்பார்.

துணி எதற்கு? ஐஸ் உடைக்க. தெர்மாமீட்டருக்கு எது சுழியம் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். உருகுகிற சுத்தமான ஐஸ் எங்கே இருந்தாலும் சுழியம் டிகிரிதான். அந்தச் 'சுத்தமான' என்ற சொல்லில்தான் மேடத்தின் உயிர் இருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம், ஐஸ் பாறை வண்டி வண்டியாகப் போகிறது, அதில் ஒரு துண்டைக்கூட உள்ளே விடமாட்டார். வடித்த நீரை நாங்களே உறையவைப்போம். கட்டியை வடித்த நீரில் கழுவி, வெள்ளைப் பருத்தித் துணியில் முடிந்து, மரச் சுத்தியால் மாரி அண்ணன் அடிப்பார். ரவை பருமனுக்கு வரவேண்டும். பிறகு அகலவாய் பிளாஸ்க்கில் நிரப்பி, ஐஸ் சாம்பல் நிறமாக மாறும்வரை குளிர்ந்த வடித்த நீரை ஊற்றுவோம். அதிகப்படித் தண்ணீரை இறக்கிவிட்டுத் தெர்மாமீட்டரைச் செருகுவோம். மேடம் வந்து பிளாஸ்க்கின் தோளில், வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி விரலால் மூன்று தட்டு தட்டுவார். ஐஸ் இடைவெளியில்லாமல் படிவதற்கு. நான் தட்டினால், "யாரோ கடன் கேட்டு வந்த மாதிரி தட்டாதீங்க" என்பார்.

துணியைத் துவைப்பதும் வடித்த நீரில்தான். செயல்முறையில் மேடமே எழுதியிருந்தார்: 'சோப்பு கூடாது. திறந்த காற்றில் உலர்த்தவும்.' மாரி அண்ணன் மொட்டைமாடியில் கொடி கட்டி உலர்த்துவார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு குறை இருந்தது. எல்லாம் செய்வோம், சான்றிதழில் கையெழுத்துப் போடும் உரிமை மட்டும் இல்லை. எண்ணூருக்கு வெளியே மிதவையில் தொங்கும் கருவியைக் கழற்றி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அது திரும்பிவர மாதக்கணக்காகும். அதுவரை அந்த இடத்தில் கடலுக்குக் கண் இல்லை. உரிமை கேட்டு மேடம் வருடக்கணக்காக அலைந்தார். கடைசியில் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்புவதாகச் சொன்னார்கள். தேறினால் உரிமை. தேறாவிட்டால் ஆய்வகத்தை மூடிவிட்டுக் கருவிகளை வேறு ஊருக்கு மாற்றுவார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கொண்டுபோக வேண்டிய பொருள்களின் பட்டியலில் மேடத்தின் மேஜை விளக்குகூட இருந்தது.

அந்த வருடம்தான் எங்களுக்குப் புது செல் ஒன்று வந்திருந்தது. கண்ணாடிக் குழாய், உள்ளே காற்றே இல்லாமல், மிகச் சுத்தமான தண்ணீர் மட்டும். அதில் நீரும் பனிக்கட்டியும் ஆவியும் ஒன்றாக இருக்கும்போது வெப்பம் சுழியத்துக்கு மேல் ஒரு டிகிரியின் நூறில் ஒரு பாகம். உலகம் பூராவும் அதேதான். கோடை முழுக்க அந்தச் செல்லும் எங்கள் ஐஸும் அண்ணன் தங்கை மாதிரி ஒத்துப்போயின. மழைக்காலம் தொடங்கியதும் சண்டை. செல்லை நம்பினால் ஐஸ் ஆறு துண்டு குறைவாகக் காட்டியது, அதாவது ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஆறு பாகம். மறுநாளும் ஆறு. அடுத்த நாள் ஏழு. மதிப்பீட்டாளர் வர இரண்டு வாரம்கூட இல்லை.

"செல்லுல கோளாறு" என்றார் மேடம். "புதுசு. நம்ம ஐஸ் எத்தனையோ வருஷமா இருக்கு."

செல்லைச் சாய்த்துப் பார்த்தோம். காற்று புகாத செல்லைச் சாய்த்தால் உள்ளே தண்ணீர் 'டிக்' என்று உலோகம் மாதிரி அடிக்கும். அடித்தது. அப்போதுதான் என் மண்டைக்குள்ளும் ஒரு 'டிக்'.

"மேடம்! அழுக்கு சேர்ந்தா தண்ணி இன்னும் தாழ்வாத்தானே உறையும்? அழுக்கால செல் குளிரலாம், சூடாக முடியாது. செல் கெட்டிருந்தா ஐஸ் கூடுதலா காட்டணும். இங்க குறைவா காட்டுது. அப்ப அழுக்கு..."

முடிக்கவில்லை. மேடத்தின் முகம் மாறியதைப் பார்த்து நிறுத்தினேன்.

"என் ஐஸா?" என்றார், அந்தச் சின்னக் குரலில்.

எனக்கோ நாற்காலியில் உட்கார முடியவில்லை. கடல் நீரின் உப்பை நான்காவது இலக்கம்வரை அளக்கிற கருவி பக்கத்து அறையிலேயே இருக்கிறது. ஊர்க் கடலின் உப்பையெல்லாம் அளந்த நாங்கள் எங்கள் ஐஸின் உப்பை ஒருநாளும் அளந்ததில்லை! உருகிய ஐஸில் ஒரு குவளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்தக் கருவி கடல் நீருக்குப் பழகியது, இவ்வளவு கொஞ்ச உப்புக்குத் தோதுப்படாது என்று பாதி வழியில் உறைத்தது. திரும்பி ஓடி, வடித்த நீரைச் சோதிக்கும் சின்ன மீட்டரை எடுத்து முக்கினேன். எண் எகிறியது. வடித்த நீரில் முக்கினேன். எண் தரையில் கிடந்தது. உறையவைத்த கட்டியை உடைக்காமல் அப்படியே உருக்கி முக்கினேன். அதுவும் தரையில்.

அப்படியென்றால் உப்பு வருவது உடைக்கும்போது. இரண்டு பேரும் மாரி அண்ணனைப் பார்த்தோம்.

"இன்னா ரெண்டு பேரும் அப்டி பாக்கறீங்க?"

"அண்ணே, மத்தியானம் என்ன சாப்பாடு?"

"கருவாட்டுக் கொயம்பு. ஏன்?"

"கையை நல்லா கழுவினீங்களா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. "யம்மா! கிளவுஸ் போட்டுகினுதான ஒடைக்கிறேன்! நான் இன்னா மனுசனா, நடமாடுற கருவாடா?"

சுத்தியைச் சோதித்தோம், சுத்தம். கையுறை, சுத்தம். மிச்சமிருந்தது துணி. அன்று காலை மாடியிலிருந்து வந்த துணி, மடித்து வைத்திருந்தது, மல்லிகை மாதிரி வெளுப்பு. அதை நனைத்துப் பிழிந்து மீட்டரை முக்குகிற பொறுமை எனக்கு இல்லை. ஒரு முனையை எடுத்து வாயில் வைத்தேன்.

"அய்ய! இன்னாம்மா இது, தொணிய போயி நக்கிகினு கீற!"

"அண்ணே, உப்பு!"

"எங்க குடு." அவரும் நக்கினார். "அட ஆமா. லைட்டா கீது."

மேடம் கையை நீட்டினார். ராயபுரத்தின் மிகச் சுத்தமான பெண்மணி, ஆய்வகத்துக்குள் பேனா மூடியைக்கூடக் கடிக்க விடாதவர், துணியின் மறுமுனையை நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை மூடினார். அந்த நேரம் யாராவது உள்ளே வந்திருந்தால் ஆய்வகத்தை அன்றே மூடியிருப்பார்கள்.

அதற்கப்புறம் எல்லாம் கடகடவென்று பிடிபட்டது. கோடையில் மேற்குக் காற்று. துணி காலையில் ஏறும், கடல்காற்று தொடங்கும் முன்னால் காய்ந்து இறங்கிவிடும். மழைக்காலத்தில் கொண்டல், அதாவது கடலிலிருந்து நேராகக் கரைக்கு அடிக்கிற காற்று. வெயிலும் இல்லை. துணி நாள் முழுக்க ஈரமாக அந்தக் காற்றில் தொங்கும். அலை உடையும்போது தெறிக்கிற உப்புத் துகள் காற்றில் வந்து ஈரத்துணியில் உட்காரும். துருப்பிடிப்பதை ஆராய்கிறவர்கள் காற்றின் உப்பைப் பிடிப்பதற்கென்றே இப்படி ஈரத்துணியைத் தொங்கவிடுவார்கள். நாங்கள் சுத்தம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, வடசென்னையிலேயே மிகச் சிறந்த உப்புப் பொறியைக் கட்டி வைத்திருந்தோம்! நாங்கள் கடலை அளக்கப் போக, கடல் படியேறி வந்து எங்கள் சுழியத்துக்குள் உட்கார்ந்துகொண்டது.

நான் குதித்தேன். உண்மையாகவே குதித்தேன், கீழ்மாடி மீன்வலைக் கடைக்காரர் தடியால் கூரையைத் தட்டினார். மாரி அண்ணன் மட்டும் மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாலதான் பேஜாரு ஆயிடுச்சு, இல்ல மேடம்?"

"திறந்த காற்றில் உலர்த்தவும்னு எழுதினது யாரு?" என்றார் மேடம்.

"நீங்க."

"அப்பறம் என்ன. எந்திரிங்க. துணி துவைக்கணும்."

மூடிய பெட்டி ஒன்றுக்குள், வடிகட்டிய காற்றை ஊதி உலர்த்தினோம். மறுநாள் ஐஸும் செல்லும் மீண்டும் அண்ணன் தங்கை. எனக்கு அதோடு சுபம். மேடத்துக்கு அங்கேதான் தொடக்கம்.

"போன மழைக்காலத்துல செல் இல்ல. ஐஸை மட்டும் நம்பித் திருத்தம் போட்டு அனுப்பின கருவி எல்லாம் இப்ப எங்க?"

சோதனை முயற்சியாக நாங்கள் திருத்தம் போட்டுக் கொடுத்த சில கருவிகள் அவை. எல்லாம் கடலில். ஒவ்வொன்றும் கடலை ஆறு துண்டு அதிகச் சூடாகக் காட்டிக்கொண்டிருக்கும். எரிபொருள் இல்லாமல், புகை இல்லாமல், ஒரு துணியை வைத்து வங்காள விரிகுடாவைச் சூடாக்கிய பெருமை எங்கள் மூவருக்கும் உண்டு.

"சொல்லணும்" என்றார்.

"சொல்லலாம் மேடம். மதிப்பீடு முடிஞ்சதும் சொல்லலாம். கேக்கறதுக்கு முன்னாடியே நாமளா போய், நாங்க தப்புன்னு..."

"கருவி இன்னிக்குத் தப்பா காட்டுதா, மதிப்பீடு முடிஞ்சப்பறம் தப்பா காட்டுதா?"

போனை எடுத்தார். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, அதே சின்னக் குரலில், எங்கள் திருத்தத்தில் இவ்வளவு தப்பு, தெரியாதது இவ்வளவு, காரணம் துணி என்றார். சிலர் இரண்டு முறை கேட்டார்கள்: "துணியா?" "ஆமா, துணி." கடைசியாக மதிப்பீட்டாளருக்கே கூப்பிட்டுச் சொன்னார். வைத்துவிட்டு மேஜை விளக்கின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார், இப்போதே கட்டிவிடலாமா என்று யோசிப்பது போல.

மதிப்பீட்டாளர் வந்த நாள் கொண்டல் பிய்த்துக்கொண்டு அடித்தது. வெளுத்த சட்டை, டை, முகத்தில் ஒரு அசைவும் இல்லை. காலையில் தொட்டி, செல், எல்லாம் பார்த்தார். சாப்பாட்டுக்குப் பிறகு ஐஸுக்கு வந்தார்.

"உங்க துணி இப்ப சுத்தம்னு எப்படிச் சொல்றீங்க?"

மீட்டர் எண்களைக் காட்டினேன். தலையாட்டினார். நம்பிய தலையாட்டல் இல்லை, "அடுத்து?" என்கிற தலையாட்டல். அப்போது மாரி அண்ணன் இரண்டு துணிகளோடு உள்ளே வந்தார். ஒன்று பெட்டியில் உலர்ந்தது. இன்னொன்று அன்று காலை அவராகவே மாடியில் போட்டது. யாரும் சொல்லவில்லை.

"சார், ரெண்டும் நான் தொவைச்சது. எது மாடி, எது பொட்டின்னு நான் சொல்லமாட்டேன். நீங்களே நக்கிப் பாத்து சொல்லு சார்."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். மதிப்பீட்டாளர் மாரி அண்ணனைப் பார்த்தார், துணிகளைப் பார்த்தார். பிறகு டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, முதல் துணியின் முனையை நாக்கில் வைத்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் கொப்பளித்தார். இரண்டாவது. கொஞ்சம் யோசித்தார்.

"இதுதான் மாடி."

"கரீட்டு சார்!"

மேடம் கண்ணைத் திறந்தார். அவருக்குள் இருந்த ஏதோ ஒன்று அடங்க மறுத்துவிட்டது.

"சார், உங்க நாக்குக்கு பிளஸ் ஆர் மைனஸ் எவ்வளவு?"

அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள், துறைமுகத்துச் சங்கு மாதிரி. வலைக் கடைக்காரர் மறுபடி தடியால் தட்டினார். போகும்போது மதிப்பீட்டாளர் படியில் நின்று மேடத்திடம் சொன்னார், "நிறைய இடத்துக்குப் போறேன் மேடம். தப்பே இல்லைன்னுதான் எல்லாரும் காட்டுவாங்க. நீங்க போன்ல சொன்ன அன்னிக்கே என் பாதி வேலை முடிஞ்சுது."

உரிமை வந்தது. எண்ணூர் மிதவையின் கருவி எந்த விமானத்திலும் ஏறாமல், மாரி அண்ணன் மடியில் ஷேர் ஆட்டோவில் வந்தது. நாங்களே சரிபார்த்தோம். மேடம் முதல் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி" என்றார்.

நான் மாரி அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். 'இப்போதைக்கு' வருமென்று காத்திருந்தோம். வரவில்லை. மேடம் விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

இப்போது ஐஸ் உடைக்கிற வேலையையே ஒரு புது இயந்திரம் எடுத்துக்கொண்டது. போர்டு மட்டும் சுவரில் நிற்கிறது. நிவேதா, உன் கேள்விக்குப் பதில் முடிந்தது.

இல்லை, விழா பாக்கி. பணி நிறைவு என்றால் பொன்னாடை போர்த்த வேண்டுமே? மாரி அண்ணன் முன்னால் வந்து என் தோளில் போர்த்தினார். வெள்ளைப் பருத்தித் துணி, சில்லென்று ஈரம்.

"காயல இன்னும். பொட்டில போட டைம் இல்ல. வூட்டுக்குப் போயி காயப்போட்டுக்கோ. மாடில மட்டும் போடாத, இன்னா?"

எல்லார் முன்னாலும் முனையை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுத்தமான தண்ணீர். "சுழியம்!" என்று கத்தினேன், கைதட்டல். அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் கண்டெய்னர் லாரி, துணியின் இரண்டு முனையும் பின்னால் கொடி மாதிரி படபடத்தன. திருவொற்றியூரில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பழக்க தோஷம், மறுபடி நக்கினேன்.

உப்பு!